இளைப்பு: பஞ்சுத் தூசி தின்ற தொடைகளின் வரலாறு

ஒவ்வொரு ஜூலை 30 அன்றும் புதுச்சேரியில் ஆலைத் தியாகிகளுக்கு மாலை விழுகிறது. 1936இல் அதே நாளில் பிரெஞ்சு ஆட்சியின் துப்பாக்கிகள் 12 தொழிலாளர்களைக் கொன்றன. எட்டு மணி நேர வேலை வேண்டும், சங்கம் வைக்க உரிமை வேண்டும் என்று கேட்டதற்குக் கிடைத்த பதில் அது. அந்த நாளை நாம் மறக்கவில்லை. மறக்கவும் கூடாது.

ஆனால் குண்டு பாய்ந்த உடலை எண்ணுவது எளிது. அதே ஆலைகளில் இருபது முப்பது வருடம் பஞ்சுத் தூசியை மூச்சாக இழுத்து, வேலையை விட்டு வந்த பிறகு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடியே உருகிச் செத்தவர்களை யார் எண்ணினார்கள்? அவர்களுக்கு எந்தத் தேதியில் மாலை போடுவது? இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது கணக்கைப் பற்றியது. நுரையீரலில் தொடங்கித் தொடையில் முடிகிற கணக்கு அது. அந்தக் கணக்கில் சாதிக்கும் ஒரு பங்கு உண்டு.

ஒரு சொல், மூன்று பொருள்

தமிழில் 'இளைப்பு' என்று ஒரு சொல் இருக்கிறது. மூச்சு வாங்கினால் இளைப்பு. உடம்பு மெலிந்தாலும் இளைப்பு. இந்த இரண்டோடு மூன்றாவதாக ஒரு பொருளும் உண்டு: ஊரில் எவனை அடித்தாலும் கேட்க ஆளில்லையோ, அவன் 'இளைத்தவன்'. மூச்சு, சதை, அதிகாரம் ஆகிய மூன்றின் இழப்பையும் நம் மக்கள் ஒரே சொல்லில் கட்டி வைத்திருக்கிறார்கள்.

மருத்துவம் முதல் இரண்டையும் தனித்தனியாகப் பிரித்து, பின்பு மீண்டும் சேர்த்துப் பார்க்க ஒரு நூற்றாண்டு ஆனது. மூன்றாவது பொருளை அது இன்னும் தொடவில்லை. அதைத் தொட வேண்டியது நாம்தான்.

மூலக்குளத்திலும் ரெட்டியார்பாளையத்திலும் முதலியார்பேட்டையிலும் ஆலையில் வேலை பார்த்து ஓய்ந்த பெரியவர்களிடம் பேசிப் பாருங்கள். 'மூச்சு வாங்குது' என்று சொல்வார்கள். கொஞ்சம் கூட நேரம் பேசினால் வேறொன்றும் சொல்வார்கள்: 'காலு வரல தம்பி.' கால் வரவில்லை. மருத்துவரிடம் போனால் நெஞ்சில் குழல் வைத்துப் பார்ப்பார். காலை யாரும் பார்ப்பதில்லை. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், அதாவது சி.ஓ.பி.டி. வந்தவர்களில் பலர் நடையை நிறுத்துவது மூச்சு தீர்ந்து போவதால் மட்டும் இல்லை, தொடை ஓய்ந்து போவதாலும்தான் என்பதை ஆய்வுகள் காட்டிவிட்டன. நம் பெரியவர்கள் சொன்னது நோயின் சரியான விவரிப்பு.

நீலத் துணியும் பழுப்புத் தூசியும்

புதுச்சேரியின் நெசவு வரலாற்றைப் பெருமையாகப் பேசுகிறவர்கள் 'கினே' என்ற நீலத் துணியைச் சொல்வார்கள். அவுரியில் தோய்த்த இந்தத் துணி பிரெஞ்சு வணிகர்களின் கப்பலில் மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் வரை போனது. அந்த வணிகத்தை ஒட்டித்தான் 1820களின் இறுதியிலேயே இங்கே இயந்திர நூற்பு வந்தது. பிறகு சவானா ஆலை, கெப்ளே ஆலை, ரோடியர் ஆலை என்று மூன்று பெரிய ஆலைகள். ரோடியர் என்று மக்கள் சொன்ன ஆங்கிலோ பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ், அதாவது ஏ.எஃப்.டி., 1898இல் தொடங்கியது. ஒரு காலத்தில் பல்லாயிரம் குடும்பங்களுக்கு அந்த ஆலைச் சங்குதான் கடிகாரம்.

நம் மக்களுக்கு ஆலை வேலை சாதாரண விஷயம் இல்லை. பண்ணையாரின் களத்தில் நெல் அளந்து கூலி வாங்கியவர்களுக்கு, கையில் காசாகக் கிடைக்கும் கூலி ஒரு விடுதலை. அதனால் ஆலையைச் சபித்து மட்டும் எழுத எனக்கு மனம் வராது. ஆனால் அந்த விடுதலைக்கு என்ன விலை வாங்கினார்கள் என்று கேட்காமலும் இருக்க முடியாது.

இந்த நோயைப் பற்றி ஆலை முதலாளிகளுக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. 1700இலேயே இத்தாலிய மருத்துவர் ராமட்சினி, சணலும் ஆளிநாரும் கோதுகிறவர்கள் ஓயாமல் இருமுவதையும் மூச்சுத் திணறுவதையும் எழுதி வைத்தார். 1860களில் அமெரிக்க உள்நாட்டுப் போரால் அங்கிருந்து வந்த பஞ்சு நின்றபோது, இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகள் இந்தியாவின் சூரத் பஞ்சை நூற்றன. தூசியும் துகளும் நிறைந்த அந்தப் பஞ்சு தொழிலாளர் உடலை எப்படிப் பாதிக்கிறது என்று 1863இல் ஜெஸ்ஸி லீச் என்ற மருத்துவர் எழுதினார். இந்தியப் பஞ்சு வெள்ளைக்காரத் தொழிலாளியின் நெஞ்சுக்குள் போனபோது அது மருத்துவ இதழில் செய்தி ஆனது. அதே பஞ்சு இங்கே நம் நெஞ்சுக்குள் போய்க்கொண்டே இருந்தது.

இந்த நோய்க்கு 'பைசினோசிஸ்' என்று பெயர் வைத்தவர் ஒரு பிரெஞ்சுக்காரர். 1877இல் அந்தச் சொல்லைத் தந்தவர் அத்ரியன் புரூஸ்ட், உலகப் புகழ்பெற்ற நாவலாசிரியர் மார்செல் புரூஸ்டின் தந்தை. பொதுச் சுகாதாரத்தில் பெரிய பெயர் எடுத்தவர். கணக்குப் போட்டுப் பாருங்கள்: பாரிஸில் நோய்க்குப் பெயர் வைத்து 21 ஆண்டுகள் கழித்துத்தான் புதுச்சேரியில் ரோடியர் ஆலை எழுந்தது. அறிவு கப்பலில் வரவில்லை. இயந்திரம் மட்டும் வந்தது.

திங்கட்கிழமை நெஞ்சு

பைசினோசிஸுக்கு ஒரு விசித்திரமான அடையாளம் உண்டு. ஞாயிறு ஓய்வெடுத்துவிட்டுத் திங்கட்கிழமை வேலைக்குப் போனால் சில மணி நேரத்தில் நெஞ்சு இறுகும். செவ்வாய், புதனில் குறையும். அடுத்த திங்கள் மறுபடியும் வரும். ஆண்டுகள் போகப் போக செவ்வாயும் இறுகும், புதனும் இறுகும். கடைசியில் எல்லா நாளும் திங்கட்கிழமை ஆகிவிடும். அந்த நிலையில் அது புகைபிடிப்பவர்களுக்கு வரும் நாள்பட்ட அடைப்பு நோயிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாததாக ஆகிறது. 1950களில் இங்கிலாந்தில் ரிச்சர்ட் ஷில்லிங் என்ற மருத்துவர் இந்தத் திங்கட்கிழமைகளை வைத்தே நோயைப் படிப்படியாகத் தரம் பிரித்தார்.

திங்கட்கிழமை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஒரு சேரி ஆளைப் பார்த்தால் மேஸ்திரிக்கு என்ன தோன்றும்? 'நேத்து ராத்திரி சாராயம்.' புதுச்சேரியில் அந்தப் பட்டம் ஒட்டுவதற்கு அதிக நேரம் ஆகாது. நோயின் முதல் அறிகுறியே ஒழுக்கக் குறையாக மாறிப் போவது இப்படித்தான்.

தூசிக்குள் என்ன இருக்கிறது? பஞ்சுக்காயைச் சுற்றியிருக்கும் காய்ந்த இலைச் செதில்கள் பஞ்சோடு சேர்ந்து பேலுக்குள் வருகின்றன. அவற்றில் பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. அந்தப் பாக்டீரியாக்களின் மேலுறையில் உள்ள எண்டோடாக்சின் என்ற நச்சு மூச்சுக்குழலுக்குள் போனதும் உடல் தன் காவல் படையை அனுப்புகிறது. வெள்ளணுக்கள் குவிகின்றன, குழாய் வீங்குகிறது, சளி கட்டுகிறது. இதுதான் அழற்சி. ஒரு நாள் என்றால் ஆறிவிடும். வாரம் ஆறு நாள், இருபது வருடம் என்றால் ஆறாது.

தூசி ஆலை முழுவதும் சமமாகப் பரவுவதில்லை. பேல் உடைக்கிற இடம், புளோ ரூம், கார்டிங் ஆகிய முதல் கட்டங்களில் அதிகம். நூற்பில் அதைவிடக் குறைவு. தறியில் இன்னும் குறைவு. யார் எந்த அறையில் நின்றார்கள் என்பதுதான் யார் எவ்வளவு நாள் வாழ்ந்தார்கள் என்பதற்கான விடையும் ஆகிறது.

இங்கேதான் சாதி வருகிறது. பம்பாய் ஆலைகளில் கூலி அதிகமாக இருந்த நெசவுப் பிரிவில் தீண்டத்தகாதோருக்கு இடமில்லை. காரணம், நாடாவில் நூல் கோர்க்கும்போது தொழிலாளி வாயால் உறிஞ்ச வேண்டும். தலித்தின் எச்சில் பட்ட நூலைத் தொட மற்ற சாதித் தொழிலாளிகள் மறுத்தார்கள். முதலாளி போட்ட விதி இல்லை இது, சக தொழிலாளி போட்ட விதி. 1928 பொது வேலைநிறுத்தத்தின்போது அண்ணல் அம்பேத்கர் இந்தக் கேள்வியைத் தொழிற்சங்கத் தலைவர்களின் முகத்துக்கு நேரே வைத்தார். 1938 பிப்ரவரியில் மன்மாடில் ரயில்வே தொழிலாளர் மாநாட்டில் பார்ப்பனியமும் முதலாளியமும் தொழிலாளியின் இரண்டு எதிரிகள் என்று அவர் பேசியதை நாம் அடிக்கடி மேடையில் சொல்கிறோம். அந்தப் பேச்சின் பின்னணியில் இருந்தது இந்த எச்சில் விவகாரம் போன்ற நேரடியான அனுபவங்கள்.

நெசவுக்குள் விடாதே என்றால் என்ன பொருள்? குறைந்த கூலியோடு, நூற்புப் பக்கம் நில், தூசிப் பக்கம் நில் என்று பொருள். தீட்டு என்பது தத்துவம் இல்லை. அது காற்றில் எத்தனை துகள் உன் நுரையீரலுக்குள் போக வேண்டும் என்று முடிவு செய்யும் ஓர் ஏற்பாடு.

இது நமக்கு மட்டும் நடந்ததும் இல்லை. அமெரிக்காவின் தென் மாநில ஆலைகளில் 1964 குடியுரிமைச் சட்டம் வரும்வரை கறுப்பின மக்களுக்குக் கிடைத்த சொற்ப வேலைகள் பெரும்பாலும் பேல் உடைக்கும் அறையும் முற்றமும் துப்புரவும்தான். அங்கே நிறம், இங்கே சாதி. இரண்டும் ஒரே அறைக்குத்தான் ஆளை அனுப்பின.

எட்டு மணி நேரம் ஒரு மருந்து

1936 துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு என்ன நடந்தது என்று நமக்குத் தெரியும். பிரான்சில் அப்போது மக்கள் முன்னணி ஆட்சி. வ. சுப்பையா தலைமையில் தொழிலாளர்கள் பின்வாங்கவில்லை. 1937 ஏப்ரல் 6 அன்று பிரெஞ்சு இந்தியாவுக்கான தொழிலாளர் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. எட்டு மணி நேர வேலையும் சங்க உரிமையும் சட்டமாயின. பிரிட்டிஷ் இந்தியாவில் வாரம் 48 மணி நேரம் என்பது, அம்பேத்கர் வைசிராய் அவையில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்து முன்னெடுத்த பிறகு, 1946இல்தான் சட்டத்துக்குள் வந்தது.

இந்த வெற்றியை ஓய்வு, கூலி, மானம் என்ற கோணத்தில் நாம் கொண்டாடுகிறோம். இன்னொரு கோணமும் உண்டு. நுரையீரலுக்குப் போகும் தூசியின் அளவு மூன்று எண்களின் பெருக்கல்: காற்றில் எவ்வளவு தூசி, ஒரு நாளில் எத்தனை மணி நேரம், மொத்தம் எத்தனை வருடம். முதல் எண்ணைக் குறைக்க முதலாளி உறிஞ்சும் இயந்திரம் வைக்க வேண்டும். இரண்டாவது எண்ணைத் தொழிலாளிகள் தங்கள் உயிரைக் கொடுத்துக் குறைத்தார்கள். அந்தப் பன்னிரண்டு பேர் தாங்கள் பார்த்திராத ஆயிரக்கணக்கானோருக்கு மூச்சைக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

சதை எங்கே போகிறது?

1898இல், ரோடியர் ஆலை தொடங்கிய அதே வருடத்தில், லண்டனில் ஃபவுலர், காட்லீ என்ற இரு மருத்துவர்கள் நுரையீரல் நோய்கள் பற்றி எழுதிய நூலில் எம்பைசீமா நோயாளிகள் உடல் மெலிவதைக் குறிப்பிட்டார்கள். நுரையீரலின் காற்றுப் பைகள் சிதையும் நோய் அது. ஆனால் அடுத்த பல பத்தாண்டுகள் மருத்துவர்கள் அந்த மெலிவைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூச்சு வாங்குகிறவன் சாப்பிட முடியாமல் இளைக்கிறான், இதில் என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டார்கள். சிலர் இன்னும் மேலே போய், மெலிவது உடல் தன்னைத் தகவமைத்துக்கொள்ளும் வழி, சதை குறைந்தால் ஆக்சிஜன் தேவையும் குறையும் என்றார்கள்.

திருப்பம் வேறு இடத்திலிருந்து வந்தது. ஆப்பிரிக்காவில் டிரிப்பனோசோம் ஒட்டுண்ணி தாக்கிய கால்நடைகள் எலும்பும் தோலுமாவது ஏன் என்று நியூயார்க்கில் அந்தோணி செராமியின் குழு ஆராய்ந்தது. உடலில் ஒட்டுண்ணி கொஞ்சமாக இருக்கும்போதே விலங்கு உருகிப் போனது. அப்படியானால் சதையைத் தின்பது ஒட்டுண்ணி இல்லை, அதற்கு எதிராக உடலே சுரக்கும் ஏதோ ஒன்று. அதற்குக் 'கேக்கெக்டின்' என்று பெயர் வைத்தார்கள், உருக்குவது என்ற பொருளில். 1985இல் தெரிந்தது: அது ஏற்கெனவே வேறு பெயரில் அறியப்பட்ட டி.என்.எஃப். என்ற அழற்சிப் பொருள்தான். காவல் படையே வீட்டுக்குள் புகுந்து பானையை உருட்டுகிற கதை.

1993இல் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் அன்னமி ஸ்கோல்ஸ் குழு, நுரையீரல் அடைப்பு நோயாளிகளில் எத்தனை பேருக்கு உடல் சதை தேய்ந்திருக்கிறது என்று கணக்கெடுத்தது. 1994இல், எடை குறைந்துகொண்டிருந்த நோயாளிகளின் ரத்தத்தில் டி.என்.எஃப். கூடுதலாக இருப்பதை இத்தாலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். 1998இல் ஸ்கோல்ஸ் குழுவின் அடுத்த ஆய்வு முக்கியமான ஒன்றைச் சொன்னது: எடை குறைவது உயிரைக் குறைக்கிறது, எடையை மீட்டவர்களின் வாய்ப்பு மேம்படுகிறது. 2004இல் வந்த 'போட்' என்ற மதிப்பெண் முறை ஊதிப் பார்க்கும் சோதனையோடு உடல் எடைக் குறியீடு, மூச்சுத்திணறல், ஆறு நிமிட நடை மூன்றையும் சேர்த்தது. யார் சாகப் போகிறார்கள் என்பதை ஊதல் சோதனையைவிட அது நன்றாகச் சொன்னது.

இப்போது தெரிந்த வரை, சதை தேய்வதற்கு ஒரே காரணம் இல்லை. ஐந்து கைகள் சேர்ந்து திருடுகின்றன.

முதலாவது, மூச்சு விடுவதே உடல் உழைப்பாகிவிடுகிறது. அடைத்த குழாய் வழியே காற்றைத் தள்ள உதரவிதானமும் விலாத் தசைகளும் ராப்பகலாக வேலை செய்கின்றன. தூங்கும்போதும் மூட்டை தூக்குகிற மாதிரி.

இரண்டாவது, சோறு இறங்குவதில்லை. வயிறு நிறைந்தால் மூச்சு முட்டுகிறது. பாதித் தட்டிலேயே கை நின்றுவிடுகிறது.

மூன்றாவது, அழற்சி. டி.என்.எஃப்., இன்டர்லூக்கின் 6 போன்ற பொருள்கள் ரத்தத்தில் சுற்றுகின்றன. தசை செல்லுக்குள் பழைய புரதத்தை உடைக்கும் இயந்திரம் வேகமெடுக்கிறது, புதிதாகக் கட்டும் வேலை மந்தமாகிறது. சளிக் காய்ச்சல் வந்து நோய் முற்றும் ஒவ்வொரு முறையும் இது பாய்ச்சலாக நடக்கிறது.

நான்காவது, உட்கார்ந்தே இருப்பது. நடந்தால் திணறுகிறது என்று நடக்காமல் இருந்தால் தொடை மெலிகிறது. மெலிந்த தொடையால் நடந்தால் இன்னும் சீக்கிரம் திணறுகிறது. நீண்ட நேரம் களைக்காமல் உழைக்கும் வகைத் தசை நார்கள்தான் தொடையில் முதலில் குறைகின்றன. பகலெல்லாம் ஆலையில் நின்றவனின் பலமே அந்த நார்கள்தான்.

ஐந்தாவது, மாத்திரை. 'மூச்சுக்கு மாத்திரை கொடுங்க' என்று கேட்டால் ஸ்டீராய்டு மாத்திரையைச் சீட்டில்லாமல் கொடுக்கும் கடைகள் உண்டு. சட்டென்று இதமாக இருக்கும். மாதக்கணக்கில் தின்றால் அதுவே தொடையைக் கரைக்கும். படிக்கிற யாராவது இப்படி எடுத்துக்கொண்டிருந்தால் தாங்களாகத் திடீரென்று நிறுத்த வேண்டாம், அதுவும் ஆபத்து. மருத்துவரிடம் சொல்லிப் படிப்படியாகக் குறையுங்கள்.

இளைத்தவன் மேல் எழுதிய பொய்கள்

இத்தனையும் அறிவியல் சொல்வதற்கு முன்பு, உருகுகிற உடலுக்கு ஊர் வேறு விளக்கங்கள் வைத்திருந்தது. ஒன்று, எலும்புருக்கி. காசநோய்க்கு நாம் வைத்த பெயர் அது. காசநோயும் நம் தெருக்களில் அதிகம் என்பதால் இளைத்து இருமுகிற எல்லோரும் அந்தப் பெட்டிக்குள் போனார்கள். தண்ணீர்க் குவளை தனியாக வைக்கப்பட்டது. ஏற்கெனவே தீண்டாமையில் இருந்தவன் வீட்டுக்குள்ளும் தீண்டப்படாதவன் ஆனான். இன்னொன்று, குடி. மூன்றாவது, பீடி. பீடி பிடித்தவர்களுக்கு நோய் கூடும், உண்மைதான். ஆனால் பீடியைக் கேட்கிற மருத்துவச் சீட்டில் 'புளோ ரூமில் எத்தனை வருடம்' என்ற கேள்வி அரிதாகவே வருகிறது. நான்காவது விளக்கம் எல்லாவற்றுக்கும் மேல்: 'அவங்க உடம்பே அப்படித்தான்.'

இந்த நான்குக்கும் ஒரு பொதுத் தன்மை உண்டு. குற்றத்தை ஆலையின் காற்றிலிருந்து எடுத்துத் தொழிலாளியின் பழக்கத்திலோ பிறப்பிலோ வைக்கின்றன. சாதியம் செய்வதும் இதைத்தானே? செய்ததை மறைத்து, பிறந்ததைக் காட்டுவது.

பெண்களின் கணக்கு இன்னும் மறைவானது. டெல்லியில் இதய மருத்துவர் எஸ். பத்மாவதி, புகையே பிடிக்காத பெண்களுக்கு நுரையீரல் கெட்டு, அதனால் இதயத்தின் வலப்பக்கம் வீங்குவதைப் பார்த்தார். அடுப்புப் புகையை அதற்குக் காரணமாகச் சுட்டிய அவருடைய ஆய்வுகள் 1950கள், 60களிலேயே வந்தன. விறகும் வறட்டியும் எரித்த நம் அம்மாக்களுக்கு ஆலையே வீட்டுக்குள் இருந்தது. இந்தியாவில் 2016இல் சுமார் 5 கோடியே 50 லட்சம் பேருக்கு இந்த அடைப்பு நோய் இருந்ததாக லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் 2018இல் வந்த ஆய்வு மதிப்பிட்டது. அந்த நோய்ச் சுமையில் பாதிக்கு மேல் காற்று மாசு. புகையிலை கால்வாசி. வேலையிடம் சுமார் ஆறில் ஒரு பங்கு. 'பீடியை விடு' என்று மட்டும் சொல்லும் பலகை முக்கால்வாசிக் கதையை மறைக்கிறது.

கட்டைவிரலுக்கு விலை உண்டு, தொடைக்கு இல்லை

சட்டம் என்ன சொல்கிறது? இழப்பீட்டுச் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் பைசினோசிஸ் இருக்கிறது. அதாவது உரிமை ஏட்டில் இருக்கிறது. ஆனால் அதே சட்டத்தின் காயப் பட்டியலைப் பாருங்கள். கட்டைவிரல் போனால் 30 விழுக்காடு சம்பாதிக்கும் திறன் போனதாகக் கணக்கு. இயந்திரத்தில் சிக்கிய விரலுக்கு எண் இருக்கிறது. இருபது வருடத்தில் மெல்ல மெல்லக் கரைந்த தொடைக்கு எண் இல்லை. நோயென்று நிரூபித்தாலும் பேச்செல்லாம் ஊதல் சோதனையைப் பற்றியே நடக்கிறது. கூலிக்காரனின் சொத்து அவன் சதைதான். அந்தச் சொத்து கொள்ளை போனதற்கு முதல் தகவல் அறிக்கை கிடையாது.

இங்கிலாந்தும் சும்மா கொடுத்துவிடவில்லை. 1940இல் பைசினோசிஸுக்கு அங்கே சட்டம் வந்தபோது, 20 வருடம் தூசி அறையில் வேலை செய்து முழுதாக முடங்கியவருக்குத்தான் பணம். அமெரிக்காவில் 1975இல் ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளர்களே 'பழுப்பு நுரையீரல் சங்கம்' தொடங்கினார்கள். ஊர் ஊராகப் போய் மூச்சுச் சோதனை முகாம் நடத்தினார்கள், எண்களைக் கையில் எடுத்துக்கொண்டு அரசிடம் போனார்கள். 1978இல் பஞ்சுத் தூசிக்கு அங்கே சட்ட வரம்பு வந்தது. முதலாளிகள் வழக்குப் போட்டார்கள். 1981இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரம்பை உறுதி செய்தது.

நம் ஆலைகளோ மூடிவிட்டன. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் ஏ.எஃப்.டி.யைப் புரட்டிப் போட்டது. 2020இல் அது அதிகாரபூர்வமாக மூடப்பட்டது. மற்ற இரண்டு ஆலைகளின் முடிவும் அதேதான். பணிக்கொடை, நிலுவை, நிலத்தை என்ன செய்வது என்று பேச்சு நடக்கிறது. புளோ ரூமில் யார் எத்தனை வருடம் நின்றார்கள் என்ற வருகைப் பதிவேடுகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கட்டடத்தைப் பாரம்பரியச் சின்னம் என்று காப்பாற்ற ஆள் இருக்கிறார்கள். அந்தப் பதிவேடுதான் நம் பாரம்பரியச் சின்னம். நோய்க்கும் வேலைக்கும் இடையிலான ஒரே சாட்சி அதுதான்.

என்ன செய்யலாம்?

கெட்ட செய்தி முதலில். அழற்சிதான் காரணம் என்றால் டி.என்.எஃப்.ஐ அடக்கும் மருந்து கொடுத்தால் போதுமே என்று சோதித்துப் பார்த்தார்கள். இன்ஃப்ளிக்சிமாப் என்ற விலையுயர்ந்த ஊசியை வைத்து 2007இல் வெளிவந்த ஆய்வில் பலன் இல்லை. ஒரே ஊசியில் இது தீராது.

நல்ல செய்தி: பலன் தருவது விலை குறைவானது. மூச்சு மறுவாழ்வுப் பயிற்சி என்று பெயர். வாரத்தில் இரண்டு மூன்று நாள், சில வாரங்கள், கண்காணிப்போடு நடை, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, தொடைக்கும் கைக்கும் பளுப் பயிற்சி, மூச்சைச் சமாளிக்கும் முறை. 2015இல் 65 ஆய்வுகளைத் தொகுத்த காக்ரன் அறிக்கை மூச்சுத்திணறல், நடை, வாழ்க்கைத் தரம் எல்லாவற்றிலும் இது முன்னேற்றம் தருவதை உறுதி செய்தது. கெட்டுப்போன நுரையீரல் திரும்ப வராது. தொடை திரும்ப வரும். வரலாறு நமக்குச் சொல்லும் மிக நம்பிக்கையான வரி இதுதான்.

பயிற்சிக்குச் சோறு வேண்டும், புரதம் வேண்டும். இளைத்தவனுக்கு எள்ளு என்று பழமொழி சொல்கிறது. எள்ளோடு முட்டை, பருப்பு, மீன், மாட்டுக்கறி என்று நான் சேர்த்துக்கொள்கிறேன். மாட்டுக்கறி நம் மக்களின் மலிவான, தரமான புரதம். அதைத் தின்பதைக் குற்றமாக்குகிறவர்கள் நோயாளியின் தொடையிலிருந்தும் கொஞ்சம் வெட்டி எடுக்கிறார்கள் என்பதை நேராகவே சொல்ல வேண்டும். ஒரே வேளையில் நிறையச் சாப்பிட முடியாதவர்கள் ஐந்தாறு முறை கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடட்டும்.

நம் கோரிக்கைகள் எளிமையானவை. முன்னாள் ஆலைத் தொழிலாளர் அனைவருக்கும் இலவச ஊதல் சோதனை வேண்டும். கூடவே எடை, ஆறு நிமிட நடை, நாற்காலியில் எழும் சோதனை ஆகியவையும் பதிவாக வேண்டும். எந்தப் பிரிவில் எத்தனை வருடம் என்ற கேள்வி ஒவ்வொரு சீட்டிலும் இருக்க வேண்டும். பயிற்சி பெரிய மருத்துவமனையில் மட்டும் இருந்தால் போதாது. மூலக்குளத்துப் பெரியவர் கோரிமேடு வரை இரண்டு பேருந்து ஏறிப் போய்ப் பயிற்சி செய்வார் என்று எதிர்பார்ப்பதே கேலி. ஆரம்ப சுகாதார நிலையத்தில், சமுதாயக் கூடத்தில், அம்பேத்கர் மன்றத்தில் அது நடக்க வேண்டும். ஆலைப் பதிவேடுகளை அரசு ஆவணக் காப்பகத்தில் சேர்க்க வேண்டும். தேய்ந்த தசையையும் இழப்பீட்டுக் கணக்கில் எடுக்க வேண்டும்.

இதில் நாமே தொடங்கக்கூடியது ஒன்று உண்டு. அமெரிக்க ஓய்வுபெற்ற தொழிலாளர்கள் செய்ததுதான். உங்கள் தெருவில் ஆலையில் வேலை பார்த்த பெரியவர்களின் பெயர், ஆலை, பிரிவு, வருடம், இப்போதைய எடை, எந்தக் கிழமை நெஞ்சு இறுகியது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். இறந்தவர்களின் பெயரையும் எழுதுங்கள், வீட்டார் சொல்லச் சொல்ல. மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் இன்று தூசிக்குள் நிற்கும் நம் பிள்ளைகளின் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பன்னிரண்டு பேரின் பெயர் நம்மிடம் இருந்ததால்தான் எட்டு மணி நேரம் வரலாறு ஆனது. மற்றவர்களின் பெயரும் இருந்தால்தான் இளைப்பும் வரலாறு ஆகும்.

ஜெய் பீம்!